தளர்ந்த தந்தியும் தகுந்த உடலும்

சங்கரன்கோவில் பக்கத்து ரசிகர்களுக்குத் குட்டையான திமிரி நாகஸ்வரத்துக்கும் நீண்ட பாரிக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். கோவில்பட்டியில் வாழ்ந்த நாகஸ்வர வித்வான் காருகுறிச்சியாரின் பாரியைக் கேட்டுப் பழகிய மண் இது. கீழ்ச் சுருதி வேண்டுமென்றபோது நாகஸ்வர உலகம் குழலையே நீளமாக்கியது. ராஜரத்தினம் பிள்ளை அதை மேடையில் நிலைநிறுத்தினார். வயலினுக்கு அதே தேவை வந்தபோது நாம் தந்தியை மட்டும் தளர்த்திக்கொண்டோம். எட்டயபுரம் சமஸ்தான வித்வான் பாலுசுவாமி தீட்சிதர் வயலினை நம் இசைக்குள் கொண்டுவந்து இருநூறு ஆண்டு ஆகிறது. இன்னும் அப்படியேதான் சமாளிக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். ஐந்து கட்டையில் பாடும் பெண் வித்வானுக்கு வாசித்தால் வயலினின் அடித்தந்தி தன் இயல்பான சுருதியிலேயே நிற்கும். ஒரு கட்டையில் பாடும் ஆண் வித்வானுக்கு வாசித்தால் அதே தந்தி 7 அரை ஸ்வரம் இறங்க வேண்டும். அது வயலினைவிடப் பெரிய வயோலாவின் அடித்தந்தி நிற்கும் இடம்! தடித்த தந்தி போட்டு ஓரளவு ஈடுகட்டலாம். ஆனால் 35.5 செ.மீ. நீள உடல் மேல் ஸ்தாயிக்காக அமைந்தது. மந்திர ஸ்தாயியில் அதன் கார்வை மெலிந்துவிடுகிறது.

இந்தக் குறையைத் துணிந்து எதிர்கொண்டவர் வயலின் வித்வான் எல். சங்கர். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். கிதார் வடிவமைப்பாளர் கென் பார்க்கருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய இரட்டை வயலினில் இரண்டு கழுத்து, பத்துத் தந்தி. டபுள் பாஸ், செலோ, வயோலா, வயலின் நான்கின் எல்லையும் ஒரே வாத்தியத்தில் அடக்கம். 1980 நவம்பரில் பதிவான 'ஹூஸ் டு நோ' இசைத்தட்டில் அதை வைத்து ராகம் தானம் பல்லவி வாசித்தார். மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன், தபலா ஜாகிர் உசேன். ஆணின் குரல் உலவும் அதே ஸ்தாயியில் ராகம் விரிவதுதான் அந்த வாசிப்பின் பெரும் பலம். சாதாரண வயலின் எட்டாத ஆழத்திலும் கமகம் குழையாமல் நிற்கிறது.

பலவீனமும் உண்டு. அது மின்சார வாத்தியம். கார்வையை மரத்திடமிருந்து பெறாமல் ஒலிபெருக்கியிடமிருந்து பெறுகிறது. ஒருவருக்காகவே செய்யப்பட்டதால் மாணவர் கைக்கு எளிதில் வரவும் இல்லை. அமெரிக்காவில் கார்லீன் ஹட்சின்ஸ் உருவாக்கிய எட்டு வாத்தியக் குடும்பத்தில், வயலினுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் மரத்தாலான டெனார் வயலின் இருக்கிறது. அதுவும் அரிய பொருள்தான்.

கைக்கு எட்டும் வழி வயோலா. பாலமுரளிகிருஷ்ணா அதை மேடையில் வாசித்தே காட்டினார். விரல் இடைவெளி கூடுவதால் துரித பிருகாக்களுக்குத் தனிச் சாதகம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் நம் வாசிப்பு முறை இங்கே பெரிய அனுகூலம். மேல்நாட்டுக் கலைஞர் தாடைக்கும் தோளுக்கும் இடையே வாத்தியத்தைத் தாங்குகிறார். தரையில் அமரும் நம் வித்வானுக்கு அதன் நுனியை வலது பாதமே தாங்கிக்கொள்கிறது. பெரிய உடலின் பாரம் இடது கையில் இறங்காது.

ஆகவே இசைப் பள்ளிகள் வயலின் மாணவருக்கு ஓர் ஆண்டாவது வயோலாப் பயிற்சி தர வேண்டும். சபாக்கள் ஒரு கட்டைப் பாட்டுக்கு வயோலாப் பக்கவாத்தியம் அமைத்துப் பார்க்க வேண்டும். கீழ் ஸ்தாயியில் உயிரைக் கொடுத்துப் பாடும் குரலுக்கு, அதே கனத்தோடு பதில் சொல்லும் வாத்தியம் பக்கத்தில் இருப்பதே நியாயம்.