குரல் மட்டுமே இருந்த அரசு

இரண்டாம் உலகப் போரில் நாட்டைப் பறிகொடுத்து லண்டனில் தஞ்சம் புகுந்த அரசுகளில், யூதர்கள் விஷயத்தில் அதிகப் பாராட்டும் அதிகப் பழியும் சேர்ந்தே வாங்கியது போலந்து அரசு. நாஜிகளின் படுகொலையை உலக நாடுகளுக்கு முறைப்படி அறிவித்த அரசு என்கிறார்கள் ஒரு சாரார். தன் குடிமக்களில் பத்தில் ஒருவராக இருந்த யூதர்களைக் கைகழுவிய அரசு என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டு கட்சிக்கும் ஆவணம் இருப்பதால்தான் வாதம் இன்னும் ஓயவில்லை.

எதை வைத்து எடை போடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஜெர்மனியின் கொலை இயந்திரத்தைத் தடுத்து நிறுத்தும் பலம் அந்த அரசுக்கு இல்லை. இருந்தவை பிபிசி ஒலிபரப்பு, எல்லை தாண்டிச் செய்தி கொண்டுவரும் தூதர்கள், நாட்டுக்குள் தலைமறைவாக இயங்கிய நிர்வாகம், ஓரளவு பணம். எனவே எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்று மட்டும் கேட்பது நியாயமாகாது. கையில் இருந்ததை எப்போது, யாருக்காகப் பயன்படுத்தியது என்று கேட்க வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். விடுதலை பெற்ற போலந்தில் யூதர்களுக்குச் சம உரிமை உண்டு என்று 1940 நவம்பரில் அமைச்சர் யான் ஸ்டாஞ்சிக் அறிவித்தார். லண்டனில் கூடிய தேசிய மன்றத்தில் யூதப் பிரதிநிதிகளாக முதலில் இக்னாசி ஷ்வார்ட்ஸ்பார்ட்டும் 1942இல் ஷ்முல் ஜிகெல்போய்மும் இடம்பெற்றார்கள். 1942 டிசம்பர் 10 அன்று வெளியுறவுப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் ராச்சின்ஸ்கி நேச நாட்டு அரசுகளுக்கு அனுப்பிய குறிப்பு, யூதர்கள் திட்டமிட்டு அழிக்கப்படுவதை விவரித்தது. ஒரே வாரத்தில், டிசம்பர் 17 அன்று, நேச நாடுகளின் கூட்டுக் கண்டனம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. அதே மாதம் வார்சாவில் யூதர்களுக்கு உதவ ‘ஜெகோட்டா’ என்ற தலைமறைவுக் குழு அமைந்தது. அதற்கு லண்டன் அரசின் பணம் போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களைப் பலிகொடுத்த நெதர்லாந்தின் புலம்பெயர் அரசோடு ஒப்பிட்டால் இது சிறிய காரியமல்ல.

ஆனால் தேதிகளைக் கூர்ந்து பார்த்தால் வேறு சித்திரம் தெரிகிறது. வார்சா யூதர்களை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு அனுப்புவது 1942 ஜூலை 22 அன்று தொடங்கியது. இரண்டே மாதத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கொண்டுசெல்லப்பட்டார்கள். கோடையிலேயே செய்திகள் லண்டனை எட்டத் தொடங்கியும், அரசு முழு வீச்சில் பேசியது நவம்பர் இறுதியில்தான். வரலாற்றாசிரியர் டேவிட் எங்கெல் இந்தத் தாமதத்தை வன்மையாகக் கண்டிக்கிறார். அரைகுறைத் தகவல்களைச் சரிபார்ப்பதில் இருந்த சிரமத்தையும், நம்ப மறுத்த நேச நாடுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது மறுதரப்பு வாதம். அதில் நியாயம் உண்டு. தாமதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

கனமான சாட்சியம் வேறிடத்தில் இருக்கிறது. 1940 பிப்ரவரியில் பிரான்சில் இருந்த இதே அரசிடம் தூதர் யான் கார்ஸ்கி ஓர் அறிக்கை கொடுத்தார். யூத வெறுப்பு என்ற ஒரு புள்ளியில் ஜெர்மானியரும் போலந்துச் சமூகத்தின் பெரும்பகுதியும் ஒத்துப்போகிறார்கள் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. அந்த எச்சரிக்கை இருந்த பக்கங்களுக்கு இரண்டு வடிவங்கள் தயாராயின. மாற்று வடிவத்தில் அந்த எச்சரிக்கை இல்லை. போலந்து மக்கள் யூதர்கள்மீது பரிவு காட்டுவதாக அது சொன்னது. மேற்கு நாடுகளில் தேசத்தின் பெயர் கெடக்கூடாது என்ற கவலை புரிகிறது. ஆனால் உள்ளூர் வெறுப்பு எவ்வளவு ஆழமானது என்று தொடக்கத்திலேயே அரசுக்குத் தெரியும் என்பதற்கும் இதுவே அத்தாட்சி.

தெரிந்தும் தன் மக்களிடம் அது தயங்கித் தயங்கியே பேசியது. யூதர்களுக்கு அடைக்கலம் கொடுங்கள் என்று பிரதமர் சிகோர்ஸ்கி வானொலியில் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது 1943 மே தொடக்கத்தில். அதற்குள் போலந்து யூதர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டிருந்தார்கள். யூதர்களைக் காட்டிக்கொடுத்துப் பணம் பறிப்போருக்கு மரண தண்டனை என்று தலைமறைவு நிர்வாகம் அதே ஆண்டு மார்ச்சில் எச்சரித்தது. தண்டிக்கப்பட்டவர்களோ சொற்பம். 1944 தொடக்கத்தில் பிரிட்டனில் இருந்த போலந்துப் படையிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட யூத வீரர்கள், படைக்குள் நிலவிய யூத வெறுப்பின் இழிவு தாங்காமல் பிரிட்டிஷ் படைக்கு மாற்றம் கேட்டு வெளியேறினார்கள். ஜெர்மானியர் யாருமில்லாத முகாம்களில், தன் சொந்த அதிகாரிகளைக்கூட அரசால் அடக்க முடியவில்லை.

யூதர்களுக்காக உரக்கப் பேசினால் நாட்டில் செல்வாக்கு சரியும், சோவியத் ஆதரவாளர்கள் அதில் லாபம் பார்ப்பார்கள் என்ற பயம் அரசுக்கு இருந்ததாக ஆதரவாளர்கள் விளக்குகிறார்கள். தயக்கத்துக்கு இது காரணமாகலாம், சமாதானமாகாது. பெரும்பான்மையின் வெறுப்புக்கு அஞ்சி, அதற்குப் பலியாகும் குடிமகனைப் பற்றி அடக்கி வாசித்தது என்பதுதானே குற்றச்சாட்டு!

வார்சாவில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவின் எழுச்சி நசுக்கப்பட்ட நாட்களில், 1943 மே 12 அன்று ஜிகெல்போய்ம் லண்டனில் உயிரை மாய்த்துக்கொண்டார். விட்டுச்சென்ற கடிதத்தில் முதற்பழியைக் கொலைகாரர்கள்மீதே சுமத்தினார். உலகின் மனசாட்சியைத் தட்டியெழுப்ப போலந்து அரசு பெரிதும் முயன்றது என்று ஒப்புக்கொண்டு, நடந்த கொடுமையின் அளவுக்கு அது போதவில்லை என்றும் எழுதினார். எண்பது ஆண்டு ஆய்வுக்குப் பிறகும் இதைவிடச் சரியான எடை கிடைக்கவில்லை. அந்த அரசைக் கொலைக்கு உடந்தை என்பது அவதூறு, மீட்பர் என்பது மிகை. உலகத்திடம் சாட்சி சொன்ன அளவுக்கு, தன் மக்களிடம் அது கடமையை வற்புறுத்தவில்லை.