பூட்டு எதற்குச் சாட்சி?

காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் சேலை எடுக்கப் போகும் விவரமானவர்கள் ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிய வேண்டும். முந்தானை நுனியில் ஓரிழையைப் பிய்த்துக் கொளுத்தினால் முடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். இணையத்தில் வாங்குகிறவருக்கு நகமும் உதவாது, தீக்குச்சியும் உதவாது. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் கடை நல்ல கடை என்று நம்பிப் பணம் கட்டுகிறார்.

அந்தப் பூட்டு வரும் வழியைப் பார்ப்போம். சர்வரில் ஒரு ஜோடிச் சாவி உருவாகிறது. தனிச்சாவி அங்கேயே இருக்கும். பொதுச்சாவி தளத்தின் பெயரோடு சான்று நிறுவனத்துக்குப் போகும். அந்த நிறுவனம் லெட்ஸ் என்கிரிப்ட் என்றால், ஒரு சிறு கோப்பைத் தளத்தில் வைக்கச் சொல்லி, வெளியிலிருந்து வந்து படித்துப் பார்க்கும். சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் தந்துவிடும். செர்ட்பாட் மென்பொருள் இதைச் சில நிமிடங்களில் முடித்துவிடும், காசில்லாமல். 2018 ஜூலையில் சான்றிதழ் இல்லாத தளங்களையெல்லாம் 'பாதுகாப்பற்றது' என்று குரோம் காட்டத் தொடங்கியபோது, சிறு கடைக்காரர்களுக்கு இந்த இலவசம் பெரிதும் கைகொடுத்தது.

ஆனால் சோதித்தது தளத்தின் பெயர் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும். பாலியஸ்டரைக் காஞ்சிப் பட்டென்று விற்பவருக்கும் அதே பூட்டு, அதே வேகத்தில். 2023-இல் குரோமே பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

அரசே கொடுத்தால் சரியாகிவிடுமா? 2014 ஜூலையில் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றிதழ் அமைப்பிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியில்லாச் சான்றிதழ்கள் வெளிவந்தன. கண்டுபிடித்தது கூகுள்; சான்று நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அரசு அலுவலகம் அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. 2018 ஏப்ரலுக்குப் பின் வழங்கும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும் என்று குரோம் கேட்கிறது. முத்திரை குத்துபவரின் பதவியைவிட எனக்கு இந்தத் திறந்த பேரேடு பெரிது.

சான்றிதழின் ஆயுளும் ஒரு தொல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் தொடக்கம் முதல் கொடுத்துவந்தது 90 நாள். 2029 மார்ச் முதல் யாரும் 47 நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது. திருட்டுப்போன சாவி சீக்கிரம் செல்லாததாகும் என்பது நியாயம்தான். ஆனால் புதுப்பிப்பதைத் தானியங்கியிடம் விட்டே ஆக வேண்டும். சான்று நிறுவனம் கோப்பைப் படிக்க வரும் 80-ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் யாராவது அடைத்தால் அது சத்தமில்லாமல் நின்றுபோகும். தை முகூர்த்தக் கூட்டத்தில் தளம் சிவப்பு எச்சரிக்கை காட்டும்போதுதான் கடைக்காரருக்குத் தெரியும்.

சேலைக்கும் பூட்டைப் போலத்தான், ஒரு முத்திரை ஒன்றுக்குத்தான் சாட்சி. சில்க் மார்க் அட்டை நூல் பட்டு என்று சொல்லும்; காஞ்சியில் நெய்ததா என்று கேட்டால் புவிசார் குறியீட்டைத்தான் தேட வேண்டும். இரண்டும் கண்ணில் படாத தளத்தில் நான் ஃபோன் போட்டு, கரையும் உடலும் சேரும் கோர்வையை வீடியோவில் கிட்டத்தில் காட்டச் சொல்கிறேன்.