யார் விசாரிப்பது? 'கருக்கு' காட்டும் பள்ளிக்கூடம்

"பிள்ளைகன்னா ஒண்ணுக்கொண்ணு கேலி பண்ணத்தான் செய்யும். இதப் போயிப் பெருசு பண்ணிக்கிட்டு..." கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்த நம் ஆட்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைச்சல். மதர் சொல்வார். வார்டன் சொல்வார். சில நேரம் நம்ம வீட்டுப் பெரியாளே சொல்வார். கேலி, கிண்டல், சீண்டல், வம்பு என்று நம்மிடம் புழங்கும் சொற்கள் எல்லாம் லேசானவை. ஒரு பிள்ளையைக் குறிவைத்து, கூட்டம் சேர்ந்து, அது பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாது என்கிற வரைக்கும் தினம் தினம் வதைப்பதற்கு இந்தச் சொற்கள் போதாது. லேசான சொல்லை வைத்து விசாரித்தால் தீர்ப்பும் லேசாகத்தான் இருக்கும்.

இந்த இடத்திலிருந்து பாமாவின் 'கருக்கு' நூலைத் திரும்ப வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1992இல் வந்த புத்தகம். முப்பது வருஷத்துக்கு மேலாக அதைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. தலித் மொழி என்றார்கள். தன்வரலாறா நாவலா என்று சண்டை போட்டார்கள். மடத்தை விட்டு வெளியேறிய பெண்ணின் கலகம் என்று கொண்டாடினார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அது ஒரு பள்ளிக்கூடப் புத்தகம் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனவர்களே அதிகம். மாணவி, விடுதிப் பிள்ளை, ஆசிரியை, கன்னியாஸ்திரி என்று நான்கு இடத்தில் நின்று கத்தோலிக்கக் கல்வி நிறுவனத்தைப் பார்த்த ஒருவர் எழுதிய சாட்சியம் அது.

அதில் வரும் தேங்காய்ச் சம்பவம் படித்தவர்களுக்கு மறக்காது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகள் சேர்ந்து விளையாடுகிறார்கள். அங்கே நிற்கும் தென்னையில் ஏறித் தொட்டுவிட்டு இறங்குவது விளையாட்டு. காய் ஒன்று விழுந்துவிடுகிறது. மறுநாள் எல்லாரும் கூடியிருக்கும்போது தலைமையாசிரியர் அந்தச் சிறுமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாதிப் புத்தியைக் காட்டிவிட்டாள் என்று ஏசி, திருடி என்று பட்டம் கட்டி, வெளியே நிறுத்துகிறார். இன்னொரு ஆசிரியர் சொல்ல, அவள் பங்குச் சாமியாரிடம் கடிதம் வாங்க ஓடுகிறாள். சேரிப் பிள்ளைதானே, செய்திருக்கும் என்ற முடிவோடுதான் சாமியாரும் பேசத் தொடங்குகிறார். அழுது, காத்திருந்து, கடிதம் வாங்கித் திரும்பினால் தலைமையாசிரியர் மறுபடியும் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு உள்ளே அனுப்புகிறார். வகுப்பில் பிள்ளைகள் எல்லாம் அவளையே பார்க்கிறார்கள்.

இதை அவமானத்தின் கதையாக மட்டும் வாசித்து உச்சுக் கொட்டுவது சுலபம். ஒரு விசாரணை நடந்த முறையாக வாசித்துப் பாருங்கள். குற்றம் சாட்டியவரே தண்டனையும் கொடுக்கிறார். மேல்முறையீடு போகிற இடம் கோயில் பங்களா. அங்கே இருப்பவரும் அதே நிர்வாகத்தின் ஆள். காய் எப்படி விழுந்தது என்று கேட்க ஒரு ஆள் இல்லை. பிள்ளையின் வாயிலிருந்து எதுவும் வருவதற்கு முன்பே அதன் தெரு பதில் சொல்லிவிடுகிறது. கடைசியில் கிடைப்பது நியாயம் அல்ல, உள்ளே போக அனுமதி. அவ்வளவுதான். பழியைத் துடைத்து, கூட்டத்துக்கு முன்னால் கட்டிய பட்டத்தைக் கூட்டத்துக்கு முன்னாலேயே அவிழ்த்துவிட்டவர் யாருமில்லை.

பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகள் அன்றைக்கு என்ன பாடம் படித்திருப்பார்கள்? யாரை ஏசினால் கேள்வி வராது என்ற பாடம்தான். பிள்ளைகளுக்குள் நடக்கும் கொடுமையைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த அசெம்பிளியிலிருந்து தொடங்க வேண்டும். கொடுமை பெஞ்சுக்குப் பெஞ்சு பரவுவதற்கு முன்னால் மேடையிலிருந்து இறங்கி வருகிறது.

'கருக்கு' இதை அடுக்கடுக்காகக் காட்டிக்கொண்டே போகிறது. விடுதியில் நம் பிள்ளைகள் தின்று கொழுப்பதாகப் பேசும் வார்டன் சிஸ்டர். அரசாங்கச் சலுகைக்காக ஆதிதிராவிடப் பிள்ளைகளை எல்லார் முன்னாலும் எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம். பிறகு பாமா கன்னியாஸ்திரியாகப் போன இடத்தில், கூட்டுவதும் கழுவுவதும் கக்கூஸ் சுத்தம் பண்ணுவதும் தலித் மக்கள் தலையில். இத்தனையும் கண்ணால் கண்டு வளர்கிற சகமாணவி ஒருத்தி நம் பிள்ளையைப் பட்டப்பேர் வைத்துக் கூப்பிட்டால், அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் புத்தி சொல்லி என்ன ஆகப்போகிறது?

இந்தக் கொடுமைக்கு நம் வீடுகள் கண்டுபிடித்த மருந்து ஒன்றே ஒன்று. நல்லாப் படி, மொத ரேங்க் வாங்கு, அப்புறம் தன்னால மதிப்பாங்க. 'கருக்கு' நூலில் அண்ணன் தங்கைக்குச் சொல்வது இதைத்தான். அவளும் வெறியோடு படித்து முதலாவதாக வருகிறாள், சிநேகிதிகளும் கிடைக்கிறார்கள். மருந்து வேலை செய்கிறது. ஆனால் கல்லூரி வகுப்பில் மறுபடி எழுந்து நிற்கச் சொல்லும்போது பழைய கூச்சமும் கோபமும் அப்படியே திரும்புகின்றன. மார்க்கு கேடயமாக இருந்தது. ஆனால் அடிப்பவன் கையை அது பிடிக்கவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு குறை. 'கருக்கு' முதல் ரேங்க் வாங்கிய பிள்ளையின் புத்தகம். பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் 2002இல் கொண்டுவந்த 'சிலுவைராஜ் சரித்திரம்' தன்னைத்தானே எள்ளி நகையாடுகிற வேறுவகை எழுத்து. அங்கும் படித்துக் கரையேறியவன்தான் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். நமது தன்வரலாறுகள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தைத் தாக்குப்பிடித்தவர்கள் எழுதியவை. தாக்குப்பிடிக்காதவர்கள் எழுதவில்லை. கடைசி பெஞ்சுப் பிள்ளையின் சாட்சியத்தை எங்கே போய்த் தேடுவது?

எங்க சித்தி மகன் ஒருத்தன் சாமியார்கள் நடத்திய போர்டிங்கில் எட்டாம் வகுப்பு படித்தான். 'ஓசிக் கோதுமை' என்று அவனுக்குப் பட்டப்பேர். அந்தப் பேரை வைத்தது பையன்கள் இல்லை. சாப்பாட்டு வரிசையில் ரெண்டாந்தரம் தட்டை நீட்டியபோது வார்டன் சாமியார் சொன்ன தமாஷ் அது. மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ராத்திரியில் பாயை நனைப்பது, பெட்டியை ஒளித்துவைப்பது என்று வளர்ந்தது. ஒருநாள் அழுதுகொண்டே வார்டனிடம் போய்ச் சொன்னான். அவர் ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு, பூசையில் சமாதானம் சொல்வது மாதிரி கைகொடுக்க வைத்தார். "ஆண்டவரே மன்னிச்சாரு, நீ மன்னிக்க மாட்டியா?" என்று இவனைக் கேட்டார். மன்னித்தான். அன்றைக்கு ராத்திரி பாய் மறுபடி நனைந்தது. லீவுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. இப்போது கொத்தனார் வேலை பார்க்கிறான். "இதெல்லாம் எழுதலாமே"ன்னு ஒருதரம் சொன்னேன். "எழுத்துதான வரலங்குற"ன்னு சிரிச்சான்.

மன்னிப்பைப் பற்றிச் சாமியார்களுக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவர்கள் சொல்லிக்கொடுத்த ஞானோபதேசத்தையே எடுத்துக்கொள்வோம். பாவம் செய்தவன் அதைச் சொல்ல வேண்டும், மனஸ்தாபப்பட வேண்டும், இனிச் செய்வதில்லை என்று தீர்மானிக்க வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். பள்ளிக்கூட விசாரணையில் மட்டும் இத்தனையும் காணாமல் போய், அடிபட்டவனிடம் முதலில் மன்னிப்பைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய மறைக்கல்வியிலேயே இதற்கு இடமில்லை.

சட்டம் கைகொடுக்குமா? 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டும் பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. ஆகவே 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கிறிஸ்தவத் தலித் பிள்ளைக்கு உதவாது. பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம். அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025இல் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு அந்தத் தீர்ப்பைச் சந்தேகித்து மேலே அனுப்பியது. ஆக, நம் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் தடை, பள்ளிக்கூடத்தின் சிறுபான்மை உரிமையும் தடை. சபையின் ஏடுகளில் வேறுமாதிரி எழுதியிருக்கிறது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் பள்ளிக்கூட அசெம்பிளி வரைக்கும் வந்து சேர வேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறக்கவில்லை. கூடப் படித்தவர்களின் கொடுமையைப் பற்றிப் பள்ளியில் சொன்ன ஒரு தலித் மாணவனை, அவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அது கத்தோலிக்கப் பள்ளியில் தொடங்கிய விஷயம் அல்ல. ஆனால் புகார் சொன்ன பிள்ளைக்கு யார் பாதுகாப்பு என்ற கேள்வி எல்லாப் பள்ளிக்கும் பொது. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது, அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், சாதியைச் சுட்டும் கயிறும் பொட்டும் கூடாது என்றெல்லாம் அது சொன்னது. சாதியைச் சொல்லி எழுப்பி நிறுத்துவது பிள்ளையை என்ன செய்யும் என்பதை 'கருக்கு' 1992லேயே எழுதிவைத்துவிட்டது. வாசித்தவர்கள் அதை இலக்கியம் என்று அலமாரியில் வைத்தார்கள்.

அதை அலமாரியிலிருந்து இறக்கி மறைமாவட்டக் கல்வி அலுவலகத்தின் மேசையில் வைக்க வேண்டும். வைத்துவிட்டுக் கேட்க வேண்டியவை இவை. புகாரை விசாரிக்கும் குழுவில் நிர்வாகத்துக்கு வெளியே உள்ளவர்கள் இருக்க வேண்டும், அதில் தலித் பெற்றோர் இருக்க வேண்டும். பிள்ளை சொல்வதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். புகார் சொன்ன பிள்ளை அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கோ விடுதிக்கோ எப்படிப் போகும் என்பதற்கு ஒரு ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும். கூட்டுகிற வேலையும் கழுவுகிற வேலையும் முறைவைத்து எல்லாப் பிள்ளைக்கும் போக வேண்டும். அசெம்பிளியில் அவமானப்படுத்தியவர், அவர் தலைமையாசிரியராகவே இருந்தாலும், அசெம்பிளியிலேயே வருத்தம் சொல்ல வேண்டும். மன்னிப்பதும் மன்னிக்காததும் பிள்ளையின் இஷ்டம்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. படிப்பை விட்டுப் போனவர்களிடம் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல நாம் எழுத வேண்டும். எங்க சித்தி மகனிடமிருந்து நான் தொடங்கியிருக்கிறேன். மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு. இன்னும் அவன் ஆறாம் வகுப்பைத் தாண்டவில்லை.