காலக்கெடுவோடு வரும் காப்பு: ப்ரீபெய்டு டேட்டாவை மாற்று இணையமாகக் கொள்வதன் நிறையும் குறையும்

வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் ஃபைபர் இணைப்பே முதன்மை இணையமாகிவரும் தமிழ்நாட்டு நகரங்களில், அந்த இணைப்பு அறுபடும் நேரத்துக்கென்று ஒரு ப்ரீபெய்டு சிம்மைத் தனியே வைத்திருந்து, கைபேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக மடிக்கணினியில் வேலையைத் தொடர்வது பலருக்கும் பழகிப்போன வழக்கமாகிவிட்டது. கைபேசிக்கு வரும் டேட்டாவை வைஃபை, யுஎஸ்பி கேபிள், புளூடூத் ஆகியவற்றுள் ஒன்றின் மூலம் வேறொரு கருவிக்குப் பகிர்வதையே டெதரிங் என்பர். மாதந்தோறும் இரண்டாவது சந்தா கட்டாமல், தேவை வரும்போது மட்டும் பணம் செலுத்தினால் போதும் என்ற எண்ணமே இவ்வழக்கத்துக்கு அடிப்படை. அந்த எண்ணம் எந்த அளவுக்கு நிறைவேறுகிறது, எங்கே பொய்க்கிறது, பொய்க்கும் இடங்களில் குறை பயனாளரிடம் உள்ளதா சந்தையின் அமைப்பில் உள்ளதா என்ற மூன்று வினாக்களுக்கும் விடை தேடினால்தான் இவ்வழக்கத்தின் உண்மையான மதிப்பு புலப்படும்.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தன் சேவையைத் தொடங்குவதற்கு முன்பு, இந்தியாவில் ஒரு ஜிபி டேட்டா ஏறத்தாழ 250 ரூபாய்க்கு விற்றது. அந்த விலையில் கைபேசி டேட்டாவைக் கணினிக்குப் பகிர்வது அவசரத்துக்கு மட்டுமே செய்யக்கூடிய செலவாக இருந்தது. அதன்பின் எழுந்த விலைப்போட்டி டேட்டாவை மலிவாக்கியதோடு அதை விற்கும் முறையையும் மாற்றியது. மொத்தமாக இத்தனை ஜிபி என்று விற்பதற்குப் பதிலாக, நாளொன்றுக்கு 1.5 ஜிபி அல்லது 2 ஜிபி வீதம் 28 நாளுக்கு, 84 நாளுக்கு என்று தவணையிட்டு விற்பதே பொதுவழக்காயிற்று. அன்றன்றைய அளவு தீர்ந்தால் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படும். தீராமல் மிஞ்சினால் மிச்சம் நள்ளிரவில் கழிந்துபோகும். இன்று ப்ரீபெய்டு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த நாள்கூலிக் கணக்கையே குறிக்கிறது என்பதை மனத்தில் கொண்டே இவ்வழக்கத்தை எடைபோட வேண்டும்.

முதலில் நிறைகளைக் காணலாம். ஒரு குடும்பம் இரண்டாவது ஃபைபர் இணைப்பைப் பெற்றால், மிகக் குறைந்த திட்டத்துக்கே மாதக் கட்டணமும் அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் ஆண்டு முழுவதும் கட்ட வேண்டியிருக்கும். அந்த இணைப்பு பயன்படும் நாள்களோ மிகச் சிலவாக இருக்கும். ப்ரீபெய்டு சிம்முக்கு ஒப்பந்தமும் வைப்புத்தொகையும் இல்லை. வீடு மாறினால் உடன் வரும். ஊருக்குப் போனாலும் பயன்படும். எல்லாவற்றையும்விடச் சிறந்த நிறை மின்வெட்டின்போது தெரியவரும். ஃபைபர் இணைப்பின் வீட்டு முனையில் உள்ள மோடத்துக்கு மின்சாரம் வேண்டும். உள்ளூர்க் கேபிள்காரர் தரும் இணைப்பாயின், தெருக்கோடி மாடியில் பொருத்தப்பட்டுள்ள ஸ்விட்சுக்கும் மின்சாரம் வேண்டும். கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் சொந்த பேட்டரி இருக்கிறது. செல்பேசிக் கோபுரத்துக்கும் பேட்டரித் தொகுப்பும் பல இடங்களில் டீசல் ஜெனரேட்டரும் இருக்கின்றன. ஆகவே சில மணிநேர மின்வெட்டை, வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாத குடும்பமும் ஹாட்ஸ்பாட்டின் துணையோடு கடந்துவிட முடிகிறது.

டெதரிங்கைத் தனிச் சேவையாகக் கருதித் தனிக் கட்டணம் கேட்கும் போக்கு இந்திய ப்ரீபெய்டு திட்டங்களில் பெரும்பாலும் இல்லாததும் ஒரு நிறையே. பகிரப்படும் டேட்டாவை நிறுவனத்தால் இனங்காண முடியும். இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தரவுப்பொதியிலும் இத்தனை இடைநிலையங்களைத்தான் கடக்கலாம் என்ற எண்ணிக்கை ஒன்று இருக்கிறது, மடிக்கணினியிலிருந்து புறப்பட்ட பொதி கைபேசியைக் கடக்கையில் அந்த எண்ணிக்கை ஒன்று குறைந்துவிடுகிறது. அமெரிக்காவில் இவ்வகைக் கட்டுப்பாடு விசாரணைக்கே உள்ளானது. டெதரிங் செயலிகள் தன் வாடிக்கையாளருக்குக் கிடைக்காதபடி செய்தது குறித்து அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் நடத்திய விசாரணையை முடித்துக்கொள்ள, வெரைசன் நிறுவனம் 2012இல் அரசுக் கருவூலத்துக்கு 12.5 லட்சம் டாலர் செலுத்தியது. அத்தகைய தடை இல்லாமல் வாங்கிய டேட்டாவை விரும்பிய கருவியில் பயன்படுத்த முடிவது இந்தியப் பயனாளருக்குக் கிடைத்துள்ள உண்மையான உரிமை.

குறைகளுள் தலையாயது, தேவையின் இயல்புக்கும் திட்டத்தின் அமைப்புக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மை. மாற்று இணையத்தின் தேவை சீராக வருவதில்லை. இருபத்தேழு நாள் எதுவும் வேண்டாதிருந்து, இருபத்தெட்டாம் நாளில் 10 ஜிபி வேண்டியிருக்கும். நாளுக்கு 2 ஜிபி வீதம் 28 நாளுக்கு வாங்கியவர் கணக்குப்படி 56 ஜிபிக்கு உரியவராயினும், வேண்டிய அந்த ஒரு நாளில் அவர் கையில் இருப்பது 2 ஜிபி மட்டுமே. எச்டி தரத்தில் ஒரு மணிநேரக் காணொளி 3 ஜிபி வரை இழுக்கும் என்று நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனமே தன் பயனாளருக்கு அறிவிக்கிறது. அந்த அளவுகோலின்படி ஒரு நாள் பங்கு ஒரு திரைப்படத்துக்கே போதாது. அதன்பின் மிஞ்சும் 64 கிலோபிட் வேகத்தில் ஒரு ஜிபி கோப்பை இறக்க ஏறத்தாழ 35 மணிநேரம் ஆகும். எழுத்து வடிவச் செய்திகளுக்கு அப்பால் அந்த வேகத்தால் பயன் இல்லை. கூடுதல் டேட்டாவுக்கென விற்கப்படும் பூஸ்டர் பேக்குகள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன என்றாலும், அவற்றுள் பலவும் அடிப்படைத் திட்டம் உயிரோடிருந்தால்தான் இயங்கும். நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் திட்டங்களோடு ஜியோவும் ஏர்டெல்லும் வழங்கிவரும் வரம்பற்ற 5ஜி இந்தக் கணக்கை அடியோடு மாற்றக்கூடியது. ஆனால் அதற்கு 5ஜி கைபேசியும், வீட்டுக்குள் எட்டும் 5ஜி அலையும் வேண்டும்.

இரண்டாவது குறை முதலாவதிலிருந்து பிறப்பது. இச்சந்தையில் பயனாளர் விலை கொடுத்து வாங்குவது டேட்டாவின் அளவைவிட, வேலிடிட்டி எனப்படும் செல்லுபடிக் காலத்தையே. 2018இன் இறுதியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் 28 நாள் காலவரம்புள்ள 35 ரூபாய்க் குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்தது முதல், சிம்மை உயிரோடு வைத்திருப்பதற்கே தொடர்ந்து பணம் செலுத்தவேண்டிய நிலை வேரூன்றியது. மாதம் என்று பேச்சில் வழங்கினாலும் திட்டம் 28 நாளுக்கே என்பதால் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய நேர்ந்தது. 30 நாள் காலவரம்புள்ள திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2022 ஜனவரியில் ஆணையிட்ட பிறகு அதற்கு ஒரு மாற்று எல்லா நிறுவனங்களிலும் கிடைத்தது. டேட்டா பேக்குகளின் காலவரம்பு 365 நாள் வரை நீளலாம் என்று 2016லேயே ட்ராய் வழிவிட்டிருந்தும், மாற்று இணையத்துக்கு உகந்த நீண்டகால டேட்டாத் திட்டங்கள் சந்தையின் நடுவிடத்துக்கு வரவில்லை. அனுமதி அளிப்பதனால் மட்டும் ஒரு திட்டம் கடைக்கு வந்துவிடாது என்பதற்கு இது தெளிவான சான்று. டேட்டா வேண்டாதவருக்காக அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான தனித் திட்டத்தை 2024 டிசம்பரில் ட்ராய் கட்டாயமாக்கியபின் அத்தகைய திட்டங்கள் விரைவில் வந்தன. கட்டாயப்படுத்தினால் நடக்கும் என்பது அதிலிருந்து விளங்குகிறது.

பயன்படுத்தும் அளவுக்கு மட்டும் கட்டணம் என்ற முறை தூய வடிவில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கொள்வதும் பொருந்தாது. பிரிட்டனில் 1பி மொபைல் என்னும் நிறுவனம் ஒரு எம்பிக்கு ஒரு பென்னி என்ற எளிய விலையால் அறியப்பட்டது. வழிகாட்டும் வரைபடத்தையும் சில செய்திகளையும் பார்ப்பவருக்கு அது மலிவு. அதே விலையில் டெதரிங் செய்தால் ஒரு ஜிபிக்கு 10 பவுண்டு ஆகிவிடும். எனவே எம்பி கணக்கில் விற்பதும் மாற்று இணையத்துக்கு ஏற்றதன்று. சில பத்து ஜிபியை நியாய விலையில் மொத்தமாக வாங்கி, ஓராண்டு வரை வேண்டியபோது எடுத்துக்கொள்ளும் முறையே ஏற்றது.

மூன்றாவது குறை தொழில்நுட்பம் சார்ந்தது. மாற்று வழி என்பது முதன்மை வழியோடு சேர்ந்து விழாததாக இருக்க வேண்டும். அலைபேசி இணையமோ பல வேளைகளில் ஃபைபரோடு சேர்ந்தே விழுகிறது. கோபுரத்துக்கும் கைபேசிக்கும் இடையில்தான் காற்றலை. கோபுரத்திலிருந்து நிறுவனத்தின் மையத்துக்குப் பல இடங்களில் அதே ஒளியிழைதான் செல்கிறது. வீட்டு ஃபைபரும் கைபேசி சிம்மும் ஒரே நிறுவனத்தினுடையவையாக இருந்தால், சாலை தோண்டும் இயந்திரம் ஒரு கேபிளை அறுத்தவுடன் இரண்டும் ஒருங்கே செயலிழக்கும் வாய்ப்பு உண்டு. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் மரங்களையும் கம்பங்களையும் சாய்த்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீரில் மூழ்கியபோதும், வீட்டு இணையத்தோடு அலைபேசித் தொடர்பும் பல பகுதிகளில் குலைந்தது. மின்சாரம் நாள்கணக்கில் இல்லாதபோது கோபுரத்தின் பேட்டரி வற்றிவிடும். சாலை மூழ்கியிருந்தால் ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுசெல்லவும் இயலாது. இயங்கும் ஒன்றிரண்டு கோபுரங்களில் பகுதி மக்கள் அனைவரும் ஒரே நேரத்தில் நெருக்கும்போது, சிக்னல் பட்டைகள் முழுமையாகத் தெரிந்தாலும் டேட்டா நகராது. ஆகவே ப்ரீபெய்டு டேட்டா ஒரு வீட்டின் பழுதுக்கு நல்ல மாற்று. ஒரு நகரத்தின் பேரிடருக்கு நம்பத்தக்க மாற்றன்று.

டெதரிங் செய்யும் முறையிலும் கவனிக்கவேண்டியவை உள. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை மடிக்கணினி சாதாரண வைஃபையாகவே எடுத்துக்கொண்டால், இது அளந்து தரப்படும் டேட்டா என்பதை அறியாமல் இயங்குதளப் புதுப்பிப்பைப் பின்னணியில் இறக்கத் தொடங்கும். ஒளிப்படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றும் செயலியும் உடன் சேரும். பயனாளர் இரண்டு மின்னஞ்சல் அனுப்பி முடிப்பதற்குள் அன்றைய 2 ஜிபி தீர்ந்துவிட்டது என்ற குறுஞ்செய்தி வருவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. விண்டோஸ் அமைப்புகளில் அந்த ஹாட்ஸ்பாட்டைத் தெரிவுசெய்து மீட்டர்டு கனெக்‌ஷன் என்று குறித்துவிட்டால், பெரும்பாலான புதுப்பிப்புகள் ஒத்திவைக்கப்படும். வைஃபைக்குப் பதிலாக யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் இணைப்பு நிலையாக இருப்பதோடு கைபேசியும் கூடவே சார்ஜ் ஆகும். மின்வெட்டின்போது மடிக்கணினியின் பேட்டரி சற்று விரைவாகக் குறையும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான பயனாளர் ஒரே பொதுமுகவரியைப் பகிர்ந்துகொள்ளும் சிஜிநாட் என்னும் ஏற்பாடு அலைபேசி வலைகளில் வழக்கமாதலால், வெளியிலிருந்து நேரடியாக வீட்டுக் கேமராவையோ அலுவலகக் கணினியையோ அணுகும் வசதி ஹாட்ஸ்பாட்டில் பொதுவாகக் கிடைப்பதில்லை.

இவற்றோடு, பலரும் எண்ணிப்பாராத ஒரு முடிச்சும் இருக்கிறது. வேண்டும்போது ரீசார்ஜ் செய்துகொள்ளலாம் என்று காலாவதியான சிம்மை மேசை இழுப்பறையில் வைத்திருப்பவர், ஃபைபர் அறுந்த நேரத்தில் யுபிஐ மூலம் பணம் செலுத்தப் பெரும்பாலும் இணையத்தையே நாட வேண்டும். அந்த இணையமே அப்போது அவரிடம் இருக்காது. அண்டை வீட்டாரின் வைஃபையோ தெருமுனை ரீசார்ஜ் கடையோ கைகொடுத்தால்தான் முடிச்சு அவிழும். சிம்மை நெடுநாள் கிடப்பில் போட்டால் எண்ணையே இழக்க நேரிடும். தொடர்ந்து 90 நாள் எவ்விதப் பயன்பாடும் இல்லாத எண்ணைத் துண்டிக்க விதி இடம் தருகிறது. தேவைக்கு மட்டும் செலவு என்ற எண்ணத்தை முழுமையாகப் பின்பற்றுபவரே தேவை வரும் நேரத்தில் கைவிடப்படுகிறார் என்பது இவ்வழக்கத்தின் ஆழமான முரண்.

பின்கட்டணத் திட்டம் இம்முரணைத் தீர்க்காதா என்ற வினா இங்கு எழும். பின்கட்டணத்தில் மிச்ச டேட்டாவை அடுத்த மாதத்துக்குக் கொண்டுசெல்லும் வசதியும், காலாவதியாகாத இணைப்பும் கிடைக்கின்றன. ஆனால் மாதந்தோறும் வரும் கட்டணம் இரண்டாவது ஃபைபருக்கு ஆகும் செலவை நெருங்குவதால், மாற்று இணையத்துக்காகவே அதை எடுப்பது சிக்கனமாகாது. ஏற்கெனவே அன்றாடப் பேச்சுக்கு வைத்திருக்கும் எண்ணை, வீட்டு ஃபைபர் நிறுவனத்திலிருந்து வேறுபட்ட நிறுவனத்தில் வைத்துக்கொள்வது பெரும்பாலான குடும்பங்களுக்குச் சிறந்த தீர்வு. அந்தச் சிம் எப்படியும் ரீசார்ஜ் செய்யப்பட்டு உயிரோடிருக்கும். அதற்கென்று தனிச் செலவு இல்லை. வேண்டிய நாளில் ஒரு பூஸ்டர் பேக் போட்டுக்கொண்டால் போதும். தனிச் சிம்தான் வேண்டும் என்பவர், நாளளவைவிட வேலிடிட்டியைப் பார்த்து வாங்குவதும், மாதம் ஒருமுறையேனும் ஹாட்ஸ்பாட்டை இயக்கித் தன் அறையில் அந்நிறுவனத்தின் அலை எட்டுகிறதா என்று சோதிப்பதும் தவிர்க்கக்கூடாதவை.

இவ்வாறு நிறையையும் குறையையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கையில், ப்ரீபெய்டு டேட்டாவை மாற்று இணையமாகக் கொள்ளும் வழக்கம் அடிப்படையில் அறிவுடையதே என்பதும், அதன் குறைகளுள் பாதி பயனாளரின் முன்னேற்பாட்டால் நீங்கக்கூடியவை என்பதும் தெளிவாகின்றன. மறுபாதி விற்பனை முறையால் விளைந்தது. அதைத் தனிமனிதரின் கவனம் நீக்காது. வீட்டிலிருந்தே பணிபுரிபவருக்கு ஒரு பிற்பகல் ஊதியமும், இணையவழித் தேர்வெழுதும் மாணவருக்கு ஓராண்டு உழைப்பும் ஓர் இணைப்பின்மீது தங்கியிருக்கும் காலத்தில், மாற்று இணையம் வசதிபடைத்தோரின் சொகுசாக எஞ்சிவிடக் கூடாது. குரலுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் தனித் திட்டத்தைக் கட்டாயமாக்கிய ட்ராய், நாளளவு இல்லாத, 365 நாள் செல்லுபடியாகும், அடிப்படைத் திட்டத்தைச் சாராத டேட்டாத் திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் விற்கவேண்டும் என்று விதிக்குமாயின், தேவைக்கு மட்டும் செலவு என்ற எண்ணம் அதன் முழுப்பொருளில் நடைமுறைக்கு வரும்.