எண்ணூர் கழிமுகத்தைப் பார்ப்பது எப்படி?

கோஸ்டா ரிகாவின் காடும் கடலும் இன்று போன் திரையில் எல்லாருக்கும் பழக்கம். அங்கே ஓஸ்தியோனல் என்ற கரையில் கூட்டம் கூட்டமாக முட்டையிட வரும் பங்குனி ஆமை, ஜனவரி முதல் மார்ச் வரை நம் சென்னைக் கரையிலும் ஏறுகிறது. அங்கே சேற்றில் நிற்கும் அலையாத்தி மரங்களுக்கு நெருங்கிய சொந்தம் நம் எண்ணூரில் நிற்கிறது. வியாசர்பாடிக்காரர்கள் ஒரு ஞாயிறு காலை போய்வரலாம். ஜீவா ஸ்டேஷனில் ஏறி, பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறினால் போதும்.

முதலில் தண்ணீர் வற்றும் நேரத்தை மீனவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோஸ்டா ரிகாவின் பசிபிக் கரையில் கடல் மூன்று மீட்டர் வரை ஏறி இறங்கும். நம் கரையில் ஒரு மீட்டர் இருந்தாலே அதிகம். அதனால் வற்றுவது சட்டென்று கண்ணில் படாது. மரத்தடியில் ஈரம் எதுவரை இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அரை மணி கழித்துப் பாருங்கள்.

சேறு வெளியே தெரிந்ததும் அசையாமல் நில்லுங்கள். உங்கள் காலடி அதிர்வில் வளைக்குள் ஒளிந்த நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். விரல் நகம் அளவு உடம்பு, ஒரு கொடுக்கு மட்டும் உடம்பையே மறைக்கும் அளவுக்குப் பெரிது. அது ஆண். பெரிய கொடுக்கை வீசிப் பெண்ணை அழைக்கும், சின்னக் கொடுக்கால் சேற்றை அள்ளி வாயில் வைக்கும். சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உருண்டையாகத் துப்பும். பெண்ணுக்கு இரண்டுமே சின்னக் கொடுக்கு என்பதால் இரண்டு கையாலும் தின்னும். வளையைச் சுற்றிக் கிடக்கும் உருண்டைகளைக் கண்டுவிட்டால், வெறும் சேறு என்று அப்புறம் சொல்லத் தோன்றாது.

பக்கத்தில் பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அலையாத்தியின் வேர்கள். காற்றில்லாத சேற்றில் மரம் மூச்சுவிடுவது அவற்றின் வழியாகத்தான், மிதித்துவிடாதீர்கள். இலையை விரலால் தடவினால் உப்பு நெருடும். மரம் குடித்த உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிறது. நாக்கில் மட்டும் வைக்க வேண்டாம், அனல்மின் நிலையச் சாம்பலும் அதே இலையில்தான் படிகிறது.

போட்டோ எடுக்கும்போது புகைபோக்கிகளை வெட்டிவிடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது கூழைக்கடாக்களின் வெள்ளை இறகு கறுத்தது, மீனவர்களின் வலையும் படகும் பாழாயின. நம்ம ஏரியாவின் கேப்டன் காட்டன் கால்வாய் பக்கிங்ஹாம் கால்வாயில் சேருகிறது, அந்தக் கால்வாய் இங்கேதான் வருகிறது. நாம் கால்வாயில் கொட்டும் குப்பைக்கும் இந்த நண்டுகளுக்கும் நடுவே வேறு எதுவும் இல்லை.

ஆசை அடங்காவிட்டால் அதே லைனில் பொன்னேரி வரை போய், பஸ் பிடித்துப் பழவேற்காடு சேருங்கள். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரை பார்க்க நல்ல காலம். அதன் நிறத்தைவிட அலகைக் கவனியுங்கள். தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாதி கீழே வரும்படி வைத்துத் தண்ணீரை வடிகட்டித் தின்னும். இரால் பிடிக்கும் இருளர்களையும் கவனியுங்கள். இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். அங்குள்ள டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளலாம், காலை நேரம் பறவைகளுக்கு.