தோணியும் மணமகனும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூர், வ. அ. இராசரத்தினத்தின் ஊராகும். அவருடைய ‘தோணி’ என்னும் சிறுகதைத் தொகுதி 1962ஆம் ஆண்டு வெளியாகி, சாகித்திய மண்டலப் பரிசினையும் பெற்றது. அதன் தலைப்புக் கதையைப் போற்றுவோர் பெரும்பாலும் மண்வாசனையையே போற்றுவர். கடலும் வலையும் மீனவர் வாழ்வும் உள்ளவாறே அமைந்துள்ளன என்பது மெய்யே. ஆயினும், அப்பாராட்டோடு நின்றுவிடின் கதை எழுப்பும் வினாவுக்கு விடையிறுத்தோராக மாட்டோம்.

ஏழை மீனவ மகன் ஒருவன் சொந்தத் தோணிக்கு ஏங்குகின்றான். அவன் விரும்பிய கனகமோ, தோணியுடைய வேறொருவனுக்கு மனைவியாகின்றாள். இங்கே கொடியவர் எவருமிலர். பெற்றோர் மகளின் வாழ்வுக்கு அரண் தேடுகின்றனர். ஊரும் அதனை நன்றெனக் கொள்கின்றது. கொடுமை வழக்கத்துள்ளே மறைந்து நிற்கின்றது.

கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) ஒடுக்குவோரைக் கண்ணெதிரே நிறுத்துவது. வாசகன் ஒடுக்கப்பட்டோர் பக்கம் எளிதிற் சேர்ந்துகொள்ளலாம். ‘தோணி’ அவனுக்கு அவ்வசதியை அளிப்பதில்லை. கதைக்கு ஒரு குறையும் உண்டு. இளைஞனின் ஏக்கம் பேசப்படும் அளவுக்குக் கனகத்தின் விருப்பம் பேசப்படவில்லை. அவனுக்கும் அவள், தோணியைப் போல, கைக்கு எட்டாத பொருளாகவே தோன்றுகின்றாள்.

நகரத்திலே தோணியின் இடத்தில் உத்தியோகமும் வளவும் சீதனமும் நிற்கின்றன. இதனைக் கடற்கரையார் கதையென்று படித்து வைத்தல் எளிது. தம் வீட்டுக் கலியாணப் பேச்சோடு ஒப்புநோக்குதலே இதனைக் கற்றதன் பயனாகும்.