ஒளி எங்கிருந்து வருகிறது?

படம் பிடிக்கக் கற்கும் இளைஞர்க்கு முதற்பாடமாகச் சொல்லப்படுவன யாவரும் அறிந்தவையே. தூரக் காட்சி இடத்தைக் காட்டும். நடுத்தரக் காட்சி ஆளைக் காட்டும். அண்மைக் காட்சி முகத்தைக் காட்டும் என்பர். முகத்துக்கு ஒரு பெரிய விளக்கு, அதனால் விழும் நிழலைக் குறைக்க ஒரு சிறிய விளக்கு, தலைமயிர் மினுங்கப் பின்புறம் மற்றொன்று என்பர். இவற்றில் பிழையொன்றுமில்லை. ஆயினும், எந்தக் காட்சி எவ்விடத்தில் எதற்காக வேண்டும் என்னும் வினாவுக்கு இவ்விதிகளில் விடை கிடையாது. அதனைத் தேடுவோர் சத்யஜித் ராய் இயக்கிய 'பதேர் பாஞ்சாலி' (1955), 'அபராஜிதோ' (1956) என்னும் இரு வங்காளிப் படங்களையும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது நன்று.

இவற்றின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா 1930-இல் பிறந்தவர். 1952-இல் 'பதேர் பாஞ்சாலி'யின் படப்பிடிப்புத் தொடங்கும்வரை அவர் சினிமாக் காமிராவை இயக்கியதே இல்லை. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் வங்காளத்துக்கு வந்து 'தி ரிவர்' படத்தை எடுத்தபோது, அருகிருந்து கவனித்துக் குறிப்பெடுத்ததே அவர் பெற்ற பயிற்சி.

சிறுவன் அப்பு நமக்கு எவ்வாறு அறிமுகமாகிறான் என்று பாருங்கள். உறங்கும் தம்பியை எழுப்ப வரும் துர்க்கா, போர்வையின் கிழிசலை விரலால் விலக்குகிறாள். உள்ளே ஒரு கண், அது விழிக்கிறது. இனி நாம் காணப்போவதில் பெரும்பகுதி அக்கண் காணும் உலகம். அண்மைக் காட்சி இங்கே வீணாகவில்லை. நம் படங்களில் நடிகர் வாய் திறக்கும்போதெல்லாம் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதோடு இதனை ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும்.

மிட்டாய்க்காரன் காட்சியோ இதற்கு நேர்மாறானது. தோளில் தண்டு சுமந்து அவன் முன்னே செல்ல, பின்னே துர்க்கா, அப்பு, ஒரு நாய். குளக்கரையோரம் செல்லும் அவ்வூர்வலம் நீரில் தலைகீழாகத் தெரிகிறது. கையில் காசில்லாப் பிள்ளைகளின் ஏக்கத்தை முகத்தருகே சென்று காட்டியிருந்தால் நமக்கு இரக்கம் மட்டுமே தோன்றியிருக்கும். எட்ட நின்று காட்டியதால் அவர்களுடைய குதூகலமும் உடன் தெரிகிறது.

ஒளியமைப்பில் பெரிய பாடம் 'அபராஜிதோ'விலேயே உள்ளது. காசியில் அப்புவின் குடும்பம் வாழும் வீட்டின் நடுவே முற்றம். ஒளி வானத்திலிருந்து மட்டுமே இறங்க வேண்டும். மழைக்கு அஞ்சி, அவ்வீட்டை ஸ்டுடியோவில் கட்ட முடிவாயிற்று. நிழலற்றுப் பரவும் வானொளியை ஸ்டுடியோவில் உண்டாக்க இயலாது என்று மித்ரா மறுத்துரைத்தார். எனினும் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா வீட்டைக் கட்டினார். பின்னர் மித்ராவே வழி கண்டார். வெள்ளைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி முற்றத்தின்மேல் வானம்போல் விரித்தார்; விளக்குகளைக் கீழே வைத்து அத்துணியின்மீது ஒளியைப் பாய்ச்சினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி மென்மையாக இறங்கியது. ஸ்டுடியோப் படங்களில் ஒரே ஆளுக்குச் சுவரில் மூன்று நிழல் விழுவதைப் பார்த்துச் சலித்தவர்க்கு இதன் அருமை தெரியும்!

இவ்விரு படங்களிலும் குறையே இல்லை என்பது நம் கருத்தன்று. துர்க்கா இறக்கும் புயல் இரவில் அதிரும் கதவு, துடிக்கும் திரை, மாடத்தில் நடுங்கும் பிள்ளையார் என அடுக்கிச் செல்வது சற்று மிகை. மற்ற இடங்களில் காட்டிய அடக்கம் அங்கே தளர்கிறது.

இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே குறும்படம் எடுக்கின்றனர். கருவிக் குறை பெரிதன்று. அடுக்குமாடி வீட்டுக்குள் தாழ்வாரப் பக்கமிருந்தே பகலொளி வருமாயின், நடிகரை அதற்கேற்ப நிறுத்தலாம். எதிர்ப்புறம் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பிடித்தால் முகத்தின் இருட்பாதியும் மெல்லத் தெளியும். விளக்கு வாங்கும் செலவு மிச்சம். காத்திருக்கும் பொறுமைதான் வேண்டும். வெண்ணாணல் பூத்த வயலில் பிள்ளைகள் இரயிலைக் காணும் காட்சியை ராய் குழுவினர் ஒருநாள் பாதி எடுத்தனர். அடுத்த வாரம் சென்றபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறு ஆண்டு நாணல் பூக்கும்வரை காத்திருந்தே மீதியை எடுத்தனர்.